டவுனில் பெரிய பாடசாலையா, ஊரில் ஆய்வுகூடமா?

இலங்கையில் கல்விக்கு ஒதுக்கும் காசில் 6ஆம் ஆண்டு முதலான வகுப்புகளுக்குத்தான் செலவு அதிகம், ஏனென்றால் அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். அந்தக் காசை எங்கே போடுவது?

திருகோணமலை டவுனில் உள்ள தேசிய பாடசாலைகளைப் பலப்படுத்துவது ஒரு வழி. அவை நேரே மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால் காசு சுற்றாமல் வந்துவிடும், ஆசிரியர்களும் டவுன் என்றால் விரும்பி வருவார்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது.

மற்றது, அதே மாவட்டத்தின் வெருகல், குச்சவெளிப் பக்கத்து மாகாணப் பாடசாலைகளில் உயர்தர (12, 13ஆம் ஆண்டு) விஞ்ஞானப் பிரிவைக் கொண்டுவருவது. இவை மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தவை. செலவு கூடத்தான், இருபது பிள்ளைகள் படித்தாலும் இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் மூன்றுக்கும் ஆசிரியர் போட்டே ஆக வேண்டும்.

ஆனால் முதல் வழியில் மறைந்திருக்கும் செலவை யார் கட்டுகிறார்கள்? என் அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சையில் (11ஆம் ஆண்டு) விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். ஊர்ப் பாடசாலையில் இருந்தது பூட்டிய ஒரு அலுமாரி, உள்ளே தூசி படிந்த கண்ணாடிக் குழாய்கள். டவுனில் தங்கிப் படிக்க அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு என்று கணக்குப் பார்த்த அத்தான் பேசாமல் இருந்துவிட்டார், அவள் கலைப் பிரிவுக்குப் போனாள். இலவசக் கல்வி 1945இலேயே வந்தும் இதுதான் நிலை.

நான் ஊர்ப் பக்கம்தான், முதலில் ஆசிரியர், அப்புறம் கட்டடம்.