விக்ரில் கரையும் தையல் நூல்: அறுவை அரங்கிலிருந்து ஒரு மதிப்பீடு

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள், "தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும், சிஸ்டர்?" என்று தவறாமல் கேட்பார்கள். "வர வேண்டியதில்லை அம்மா, அது தானாகக் கரைந்துவிடும்" என்று நான் சொல்வதற்குக் காரணமான நூல்களில் முதன்மையானது விக்ரில்.

பாலிகிளாக்டின் 910 எனப்படும் இந்த மக்கும் பிளாஸ்டிக், 90 பங்கு கிளைகோலைடும் 10 பங்கு லாக்டைடும் சேர்ந்தது. இதற்கு முன்பு பெரிதும் பயன்பட்ட கேட்கட், ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அதை உடலின் நொதிகள்தான் செரிக்க வேண்டும் என்பதால், கரையும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், தைத்த இடத்தில் வீக்கமும் கூடுதலாக இருக்கும். விக்ரிலையோ திசுவில் உள்ள நீரே அறுத்துக் கரைக்கிறது. இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு வலு எஞ்சியிருக்கும், மூன்றாவது வாரத்தில் பாதியாகும், 56 முதல் 70 நாட்களுக்குள் நூல் முழுவதும் மறைந்துவிடும். இப்படிக் கணக்குத் தவறாமல் நடந்துகொள்வதைத்தான் இதன் தலைசிறந்த குணமாகக் கருதுகிறேன்.

உறையைக் கிழித்ததும் தெரியும் ஊதா நிறம், இரத்தம் தோய்ந்த திசுவின் மீதும் கண்ணுக்குத் தெளிவாகப் படுகிறது. பல மெல்லிழைகளைப் பின்னிச் செய்திருப்பதால் நூல் விறைக்காமல் வளைகிறது, முடிச்சும் நன்றாக நிற்கிறது.

ஆனால் அந்தப் பின்னலின் இடுக்குகளிலேயே கிருமிகள் தங்கக்கூடும். சீழ் பிடித்த காயத்துக்கு ஒற்றை இழை நூலே மேல். வயிற்றுச் சுவரின் உறுதியான உறை ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அங்கே ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்தே முழுவதும் கரையும் பாலிடையாக்சனோன் நூலை எடுத்துக்கொடுக்கவே விரும்புவேன்.

ஈரம் இதற்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரித்த உறையொன்றை வீணாக்க மனமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தேன்; மூத்த செவிலியர் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, காற்றின் ஈரம் பட்ட நூல் நோயாளியின் உடலுக்குள் போகும் முன்பே வலுவிழக்கத் தொடங்கிவிடும் என்று விளக்கினார். அன்றிலிருந்து உறையின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, காலாவதித் தேதியையும் படித்த பிறகே பிரிக்கிறேன்.

பட்டு நூலைவிட விலை கூடுதல்தான். இருந்தும் கருப்பைத் தையலுக்கும் தோலுக்கு அடியிலுள்ள அடுக்குக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிரசவத்தில் கீறிய இடத்துக்கு, சுமார் 42 நாட்களில் கரைந்துவிடும் விக்ரில் ரேப்பிட் இன்னும் பொருத்தமானது.