மணி ஒலியா, மௌனமா?

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். என் மனைவியின் கைபேசி எப்போதும் முழுச் சத்தத்தில் அலறும். என்னுடையது பல ஆண்டுகளாக வாயே திறந்ததில்லை.

மணி ஒலியின் பெரிய வசதி, கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது. அடுத்த அறையில் கிடந்தாலும் கூப்பிடும். ஆளுக்கொரு மெட்டு வைத்துவிட்டால், கைவேலையை விடாமலே யார் அழைப்பது என்று தெரிந்துவிடும். மௌனக்காரனான நான் இதற்கு நேர்மாறு: அழைப்பைத் தவறவிட்டேனோ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை எடுத்துப் பார்க்கிறேன். அமைதிக்காகச் சத்தத்தை அணைத்தேன்; போனது என்னவோ கவனம்தான். அதிர்வை வைத்தாலும் முழு நிம்மதி இல்லை. பல கைபேசிகளில் சிறு மோட்டாரில் ஒருபக்கம் கனத்த எடை சுழல்வதால் வரும் நடுக்கம் அது. மரமேசையில் மணியைவிட மோசமாக உறுமும், மெத்தையில் மூச்சே கேட்காது. வராத அழைப்புக்குச் சட்டைப்பை அதிர்ந்ததாகத் தோன்றுவது தனிக் கதை.

கூட்டத்தில், மருத்துவமனையில், துக்க வீட்டில் மௌனமே சரி. அதில் வாதமில்லை.

இரவில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்: ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பு. ஐபோனில் ஒரே ஆள் 3 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் ஒலிக்கவிடலாம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்த இடைவெளி 15 நிமிடம். உண்மையான அவசரக்காரர் எப்படியும் இரண்டாம் முறை அழைப்பார்.

பகலில் என் வோட்டு இப்போது மணிக்கே. குறைந்த சத்தத்தில், பாட்டாக இல்லாமல். மௌனமாகத் தொலைந்த கைபேசியைத் தேடி மெத்தையைப் புரட்டியவன் சொல்கிறேன்.