ஏரியைச் சுற்றுவதா, பள்ளத்தாக்கோடு இறங்குவதா?

மலைப் பள்ளத்தாக்கு, நடுவில் ஓர் ஏரி, கையில் சைக்கிள், நான்கைந்து நாள் விடுமுறை. இப்படி அமைந்துவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம் என்பதுதான். வரைபடத்தைப் பார்த்தாலும் அதுதான் சுலபமாகத் தெரியும். தண்ணீர் சமமாக இருக்கிறது, கரையோரச் சாலையும் சமமாகத்தானே இருக்கும்? கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம், ரயில் தேடி அலைய வேண்டாம்.

இதற்குப் போட்டி, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் தொடங்கி ஏரியைக் கடந்து ஆற்றோடு இறங்கிப் போகும் நேர்ப்பயணம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஏரிக்கரையில் ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு பக்கம் போய்வருவது. துணிமணி, கூடாரம் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு என் ஓட்டு நேர்ப்பயணத்துக்குத்தான். சுற்றுப் பயணம்தான் சுலபம் என்ற எண்ணம் பெரும்பாலான மலை ஏரிகளில் பொய்த்துப் போகும்.

கரை ஏன் சமமாக இல்லை

மலை ஏரிகளில் பல, பனியாறுகள் அரித்துவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து உண்டானவை. பனியாறு நகரும்போது பள்ளத்தாக்கின் இரு பக்கச் சுவர்களையும் செங்குத்தாகச் சீவிவிடும். அதனால் தண்ணீர் விளிம்பிலேயே பாறை எழும்பி நிற்கும். சாலை போட இடம் கிடைக்காது. அப்புறம் சாலை என்ன செய்யும்? ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இல்லையென்றால் சுரங்கத்துக்குள் நுழையும்.

இத்தாலியின் கார்டா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் கடலிலிருந்து வெறும் 65 மீட்டர் உயரத்தில். ஆழமோ 346 மீட்டர். தெற்குப் பாதி அகலமாகப் பரந்து கிடக்கும், வடக்குப் பாதி இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிவிடும். 1931இல் திறக்கப்பட்ட மேற்குக் கரைச் சாலை அங்கே சுரங்கம் மாற்றிச் சுரங்கமாகப் போகிறது. காரும் பஸ்ஸும் அதே வழியில்தான் வரும். லிமோனே ஊருக்கு அருகே பாறைச் சுவரில் தொங்குகிற மாதிரி ஒரு சைக்கிள் பாதையை 2018இல் திறந்தார்கள். அழகான பாதை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பகுதி சுமார் 2 கிலோமீட்டர்தான். அதன் படத்தைப் பார்த்துவிட்டு ஏரி முழுவதையும் அப்படியே சுற்றலாம் என்று கிளம்புவதில் அர்த்தமில்லை.

சுற்றுவதற்கென்றே அமைந்த ஏரிகளும் இருக்கின்றன. பிரான்சின் அன்னெசி ஏரியைச் சுற்ற ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேற்குக் கரையில் பழைய ரயில் தடத்தையே சைக்கிள் பாதையாக மாற்றிவிட்டார்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்கள் பெரும்பாலும் மென்சரிவாகவே இருக்கும். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அதைவிட நல்ல பாதை வேறு கிடையாது. கிழக்குக் கரை அப்படி இல்லை, அங்கே ஏற்றம் உண்டு. மூன்று நாடுகளைத் தொடும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் சுற்று சுமார் 260 கிலோமீட்டர், பெரும்பகுதி சமதளம். ஆனால் அங்கே மலை தூரத்துக் காட்சிதான். பள்ளத்தாக்குக்குள் போகும் உணர்வு வேண்டும் என்றால் அந்த ஏரி ஏமாற்றும்.

சுற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எந்தத் திசையில் சுற்றுவது என்பது கேட்க வேண்டிய கேள்வி. சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டும் நாடு என்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போங்கள். ஏரி எப்போதும் உங்கள் பக்கமே இருக்கும், நின்று பார்க்க எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டாம். ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றுகிறவர்கள் இந்தக் காரணத்துக்காகத்தான் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். வலப்புறம் ஓட்டும் நாட்டில் இதை அப்படியே திருப்பிக்கொள்ளலாம்.

காற்று

மேட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. வெயில் ஏறியதும் மலைச் சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்முனையிலிருந்து பள்ளத்தாக்கின் மேல்முனையை நோக்கிக் காற்று வீசும். பிற்பகலில் இது உச்சத்துக்குப் போகும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்க் கீழே வழியும். கார்டாவில் இரண்டுக்கும் பெயரே உண்டு: காலையில் வடக்கிலிருந்து பெலெர், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஓரா.

எதிர்க்காற்று எவ்வளவு பலத்தை வாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள், முகத்துக்கு நேரே அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால், எதிர்ப்பு நான்கு மடங்கு. ஏரி நீளவாக்கில் கிடக்கும் பள்ளத்தாக்கில் மரமோ கட்டடமோ குறுக்கே இல்லாமல் தண்ணீரின் மேல் தடையின்றி ஓடி வரும் காற்று இது. சுற்றுப் பயணத்தில் இதிலிருந்து தப்பவே முடியாது. ஒரு கரையில் காற்று முதுகில் என்றால் மறு கரையில் முகத்தில். மறு கரைக்கு வருவது பெரும்பாலும் களைத்துப்போன மதியத்துக்குப் பிறகாக இருக்கும்.

நேர்ப்பயணத்தில் இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. கீழ்நோக்கிப் போகிறவர் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடலாம். மேல்நோக்கிப் போகிறவர் கொஞ்சம் தாமதித்துக் கிளம்பினால் காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கு. 1,815 மீட்டர் உயரத்தில் மலோயா கணவாய். அதை ஒட்டி சில்ஸ் ஏரி, சில்வப்ளானா ஏரி என்று வரிசையாக ஏரிகள். அவற்றின் வழியே இறங்குகிறது ‘இன்’ என்ற ஆறு. அந்த ஆற்றைப் பின்தொடரும் சைக்கிள் பாதை 500 கிலோமீட்டருக்கு மேல் போய், ஜெர்மனியில் பஸ்ஸாவ் நகரில் டான்யூபைத் தொடுகிறது. இங்கே பகல் காற்று தலைகீழ். கணவாயின் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் எழும் காற்று மலோயாவைத் தாண்டி வந்து எங்கடீனின் மேற்பகுதியில் கீழ்நோக்கி வீசும். மலோயா காற்று என்றே அதற்குப் பெயர். ஆக, சரிவும் காற்றும் ஒரே திசையில். ஏரிகள் வலப்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பெடலை அதிகம் வருத்தாமல் போய்க்கொண்டே இருக்கலாம். அங்கே போய் ஒரே ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

பாரமும் கியரும்

ஏறுவதே இல்லாத நேர்ப்பயணம் கிடையாது. மேல்முனைக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் இறங்கினாலும், இடையில் சில மேடுகள் வரும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். சாதாரண உடல்வாகு உள்ளவர் நெடுநேரம் 120 வாட் அளவுக்கு மிதிக்கலாம். 6 சதவீத ஏற்றத்தில் அதற்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 6 முதல் 7 கிலோமீட்டர். இதில் கவனிக்க வேண்டியது கால் சுற்றும் வேகம். முன்னால் 26 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் நிமிடத்துக்கு 65 தடவைக்கும் மேல் கால் சுற்றும். இது முழங்காலுக்கு உகந்தது. ரேஸ் சைக்கிளின் 34க்கு 28 கியரில் அதே மேட்டை ஏறினால் நிமிடத்துக்கு 40 தடவை அளவுக்குத்தான் கால் சுற்றும், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் பாரத்தை வாங்கும். சைக்கிள் வாங்கும்போது சட்டகத்தின் பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், இந்தச் சின்ன விஷயத்தைக் கேட்பதில்லை.

மின் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 110 கிலோவை 1,000 மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஏறக்குறைய 300 வாட்மணி வேண்டும், இழப்புகளைச் சேர்க்காமலே. 500 வாட்மணி பேட்டரியும் உங்கள் காலும் பங்குபோட்டால் ஒரு நாள் ஏற்றத்துக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே இடத்தில் தங்குவது

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், வானிலை நிச்சயமில்லாத மாதங்களில் போகிறவர்களுக்கும் இதுதான் நல்லது. மழை வந்தால் உள்ளேயே இருந்துவிடலாம். பாரம் இல்லாததால் மேலே சொன்ன கரையோர ஏற்ற இறக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது. ஒரே குறை, மூன்றாம் நாளுக்குள் போன வழியிலேயே திரும்பி வரும் சலிப்பு தட்டிவிடும்.

சலிப்பைக் குறைக்கப் படகு உதவும். பெரிய ஏரிகள் பலவற்றில் வண்டிகளை ஏற்றும் படகு குறுக்கே ஓடுகிறது. கார்டாவில் மதேர்னோவுக்கும் தோரிக்கும் இடையே, கான்ஸ்டன்ஸில் கான்ஸ்டன்ஸ் நகரிலிருந்து மீர்ஸ்பர்க்குக்கு. நல்ல கரையை மட்டும் ஓட்டிவிட்டுப் படகில் குறுக்கே வந்துவிடலாம். சுரங்கச் சாலையை ஓட்டி முடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை, அதனால் முழுச் சுற்றைவிட இந்த அரைச்சுற்று மேல் என்பேன்.

மூன்றையும் ஒரே பள்ளத்தாக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா? இத்தாலி, ஆஸ்திரியா எல்லையருகே 1,498 மீட்டரில் ரெஷன் ஏரி இருக்கிறது. 1950இல் அணை கட்டி உண்டாக்கியது. மூழ்கிய கிராவுன் ஊரின் தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது. ஏரியைச் சுற்ற அரை நாள் போதும். ஆனால் அங்கிருந்து வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை ஆடிஜே ஆற்றோடு மெரானோ வரை போகிறது, ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். வழியில் இருக்கும் மால்ஸ் ஊரிலிருந்து மெரானோவுக்கு, பல வருடம் மூடிக் கிடந்து 2005இல் மறுபடி ஓடத் தொடங்கிய ரயிலும் இருக்கிறது. பகல் பயணத்துக்கு நான் மெரானோவில் தங்குவேன். காலை ரயிலில் மால்ஸுக்கு ஏறிவிட்டு, ஓட்டிக்கொண்டு இறங்குவேன். இறங்கி முடித்துவிட்டு ரயில் பிடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கோடையில் சைக்கிள் வைக்கும் இடம் நிரம்பிவிட்ட ரயிலை நடைமேடையில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். ரயில் வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டால், வழியில் எங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கேட்க ஆளில்லை.