வைஸ் பிரின்சிபால் ஆக்குகிறோம் என்றால் முதலில் ஆர்டரைக் கேளுங்கள்

தனியார் மெட்ரிக் பள்ளியில் சேரப் போகிறவர்களும், சேர்ந்துவிட்டு ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒன்பது வருடம் நம்பினேன்.

2014 ஜூனில் கொங்குப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு முதுகலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். அன்றைக்கே எம்.எஸ்சி., பி.எட். ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டார்கள். “வெரிஃபிகேஷன்தான் மேடம், ஒரு வாரத்தில் தந்துடுவோம்.” பக்கத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. கூடவே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையெழுத்து. அதையும் போட்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வேலையில் குறை வைக்கவில்லை. காலை ஏழரைக்கு ஸ்டடி, மாலை ஏழு வரை ஸ்பெஷல் கிளாஸ், ஏப்ரல் மே வந்தால் வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் நோட்டீஸ். 2017 பொதுத்தேர்வில் என் வகுப்பில் 11 பேர் 200-க்கு 200. பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பிள்ளைகள் படம் ஸ்டாம்ப் அளவு, கரஸ்பாண்டன்ட் (பள்ளித் தாளாளர்) படம் ஆள் உயரம். பாடம் எடுத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அது பழகிய விஷயம்தான், விடுங்கள்.

அந்த வருடம் என்னை ‘அகாடமிக் கோ-ஆர்டினேட்டர்’ ஆக்கினார்கள். டைம்டேபிள் போடுவது, லீவு எடுத்தவர்களுக்கு சப்ஸ்டிட்யூஷன் போடுவது, பெற்றோர் சண்டைக்கு வந்தால் முன்னால் போய் நிற்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. பாடவேளை ஒன்றுகூடக் குறையவில்லை, சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆர்டர் என்று ஒரு தாளும் கிடையாது. மாணவர் டைரியில் என் பெயருக்கு எதிரே அச்சான ஒரு வரி, அவ்வளவுதான். கேட்டால், “இன்னும் ரெண்டு வருஷம், வைஸ் பிரின்சிபால் நீங்கதான்.”

2022-ல் அந்த இடம் காலியானது. கல்வித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலைவதற்கு அலுவலகங்களில் ஆள் தெரிந்தவர் தேவைப்பட்டார். அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். கரஸ்பாண்டன்ட் சொன்னது வேறு: “நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்துட்டா பிளஸ் டூ மேத்ஸ் யாரும்மா எடுக்கிறது?”

அப்போதுதான் உறைத்தது. நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்பதுதான் என்னிடம் இருந்த குறை. சுமாராக நடத்தியிருந்தால் எப்போதோ அந்த அறைக்குள் போயிருப்பேன்.

2023 ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டேன். ஒரிஜினலைக் கேட்டால் “ரிசல்ட் வரட்டும்” என்றார்கள். ரிசல்ட் வந்ததும் “உங்க இடத்துக்கு ஆள் கிடைக்கட்டும்.” ஆபீஸ் பீரோவில் பச்சை ஃபைல் அடுக்கில் மேலிருந்து மூன்றாவது என்னுடையது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. சான்றிதழ் காட்ட முடியாததால் ஜூனில் சேர வேண்டிய இன்னொரு வேலை போயிற்று.

அப்புறம் பணிக்கொடை. அஞ்சு வருடமாவது வேலை பார்த்தவர் விலகும்போது நிர்வாகம் மொத்தமாகத் தர வேண்டிய தொகை அது. “டீச்சர்ஸுக்கு கிராஜுவிட்டி எல்லாம் கிடையாதே” என்றார் அக்கவுண்டன்ட். 2004-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கும் 2022 ஆகஸ்டில் தள்ளுபடியானது. இதை எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. “உங்க சர்வீஸே அஞ்சு வருஷம் ஆகலையே மேடம்.”

யுஏஎன் பாஸ்புக்கை, அதாவது வருங்கால வைப்பு நிதிக் (பிஎஃப்) கணக்கின் ஆன்லைன் பதிவை, திறந்து பார்த்தால், எனக்கு பிஎஃப் கட்டத் தொடங்கியதே 2018 ஜூனில். அதிலிருந்து எண்ணினால் நாலு வருடம் பதினோரு மாதம். முதல் நாலு வருடம் நான் அங்கே வேலை பார்க்கவே இல்லையாம்! வருகைப் பதிவேடு அவர்களிடம், சம்பளப் பதிவேடு அவர்களிடம். ஒரு வாரம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது பழைய டிபன் பையில் மடித்துக் கிடந்த மூன்று தாள்கள். 2015, 2016, 2017 பொதுத்தேர்வுகளில் விடைத்தாள் திருத்தப் போனபோது கல்வித்துறை கொடுத்த பணி ஆணைகள். என் பெயர், பக்கத்திலேயே பள்ளியின் பெயர். அறைக் கண்காணிப்பாளர் ஆணையோ திருத்தும் பணி ஆணையோ, எது வந்தாலும் தேர்வு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிர்வாகத்தால் கை வைக்க முடியாத சான்று அது. பாஸ்புக்கையும் வேலையில் சேர்ந்த வருடம் ஜூலை மாதமே ஒருமுறை திறந்து பாருங்கள். என்னை மாதிரி ஒன்பதாம் வருடம் பார்க்காதீர்கள்.

தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு, சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தனியாக ஒரு புகார். புகார் போன மூன்றாம் வாரம் பச்சை ஃபைல் கைக்கு வந்தது. பணிக்கொடைக்கு ஏழு மாதம் இழுத்தார்கள். அன்றைய கணக்கு எளிதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடம், ஆக எனக்கு ஒன்பது. 67,500 ரூபாய் வந்தது. மாதம் 26,000 வாங்கிய எனக்கு அடிப்படைச் சம்பளம் 13,000 என்று எழுதி வைத்திருந்ததன் சூட்சுமம் அன்றைக்குத்தான் புரிந்தது. கணக்கு டீச்சர்!

போன வருடம் அதே ஆபீஸிலிருந்து போன் வந்தது. பிளஸ் டூவுக்கு ஆள் நிற்கவில்லையாம், வைஸ் பிரின்சிபால் இடமும் காலியாம். “வாங்க மேடம், பேசிக்கலாம்.” “சரி, ஆர்டரை முதலில் தபாலில் அனுப்புங்க, பார்த்துட்டு வர்றேன்” என்றேன். இன்றுவரை தபால் வரவில்லை.