டென்னிஸ் எல்போ: ஊசியா, பயிற்சியா, பொறுத்திருப்பதா?

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. துணி பிழிகிறவர்கள், பரோட்டா மாவு பிசைகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருக்கும் எலக்ட்ரீஷியன்கள்தான் அதிகம். வயது பெரும்பாலும் 35-க்கும் 55-க்கும் நடுவில். எலும்பு டாக்டரிடம் போனால் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும்: ஊசி போட்டுக்கொள்கிறீர்களா, பிசியோதெரபிக்குப் போகிறீர்களா? எது நல்லது என்று கேட்பதற்கு முன் எத்தனை நாளைக்கு நல்லது என்று கேட்டுவிடுங்கள். பதிலே மாறிப்போகும்.

அதற்கு முன், வலி அதுதானா என்று பார்க்க வேண்டும். முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையை அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, டாக்டர் எதிராக அழுத்துவார். வலி அதே இடத்தில் வந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. நடுவிரலை மட்டும் தூக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை மேலிருந்து பிடித்துத் தூக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். விரல் மரத்துப்போகிறது, கழுத்தைத் திருப்பினால் வலி கைக்கு இறங்குகிறது என்றால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த பிறகு முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம். மற்றபடி எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வலியே இல்லாதவர்களின் படத்திலும் தசைநாண் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்) தேய்மானம் தெரிவதுண்டு.

இப்போது ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யும், அதுவும் வேகமாக. நெதர்லாந்தில் 185 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. 6 வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, ஊசியோ பிசியோவோ இல்லாமல் பொறுத்திருந்தவர்களில் 32. இத்தோடு நிறுத்திக்கொண்டால் ஊசிக்குத்தான் மாலை. ஆனால் ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது பிசியோ 91, பொறுத்திருந்தவர்கள் 83, ஊசி 69. முதலில் ஓடியவர் கடைசியில் வந்தார்.

ஒரே ஆய்வை நம்ப வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். ஊசியில் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்குப் பிற்பாடு நிலைமை மறுபடி மோசமானது. 2013-இல் வந்த இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வு ஸ்டீராய்டு ஊசியை மருந்தில்லாத வெறும் ஊசியோடு ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் நன்றாகத் தேறியவர்கள் வெறும் ஊசியில் 96 சதவீதம், ஸ்டீராய்டில் 83. ஊசியும் போட்டு பிசியோவும் செய்துகொண்டால் இரண்டின் பலனும் கிடைக்குமே என்று தோன்றும். அந்த ஆய்வில் அப்படிச் செய்தும் ஸ்டீராய்டின் பின்னடைவு ஈடாகவில்லை.

காரணம் என்ன? இது வீக்க நோய் அல்ல, மணிக்கட்டைத் தூக்கும் தசையின் நாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் நலிந்துபோவது. 1979-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷெல் இதை எழுதிவிட்டார். ஸ்டீராய்டு வலியை அடக்கும், நலிந்த நாணைக் கட்டித் தராது. வலி போனதும் மறுநாளே பக்கெட்டைத் தூக்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிற்சிக்கும் பொறுத்திருப்பதற்கும் நடுவில் ஒரு வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியின் லாபம் முதல் சில மாதங்களில்தான்: பிரிஸ்பேனில் 6 வாரத்தில் தேறியவர்கள் பிசியோவில் 65 சதவீதம், பொறுத்திருந்தவர்களில் 27. செலவு ஒரு தண்ணீர் பாட்டில். மேஜையில் முன்கையைக் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். அரை லிட்டர் பாட்டிலை மறு கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, தினமும். லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் கனத்தைக் குறையுங்கள். 6 முதல் 12 வாரம் பிடிக்கும். பெரும்பாலோர் மூன்றாவது வாரமே சலித்து விட்டுவிடுவார்கள் என்பதுதான் இதன் ஒரே பலவீனம். அப்புறம், பொறுத்திருப்பது என்றால் பழையபடியே பிழிவதும் முறுக்குவதும் அல்ல. உள்ளங்கையை மேலே வைத்துத் தூக்கும்படி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்கையில் கட்டும் பட்டை வேலை நேரத்தில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துச் செறிவாக்கிப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். 32 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, குறிப்பிடும்படியான பலன் இல்லை என்று முடித்துவிட்டது. நான் என் பணத்தை அதில் போடமாட்டேன்.

அறுவை சிகிச்சை என்றதும் சச்சின் நினைவுக்கு வருவார். 2005 மே மாதம் லண்டனில் செய்துகொண்டு, அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 அடித்தார். ஆனால் சிட்னியில் 26 பேரிடம் நிஜ அறுவையையும் தோலைக் கீறி, நாணை வெட்டாமலே தைத்த போலி அறுவையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் தென்படவில்லை. 2018-இல் வந்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. 6 மாதம், ஒரு வருடம் பயிற்சி செய்தும் தேறாதவர்கள் மட்டும் இந்தப் பேச்சை எடுக்கலாம்.

ஆக, என் ஓட்டு பயிற்சிக்கு. அடுத்த மாதம் மகள் கல்யாணம், கையைத் தூக்கவே முடியவில்லை என்கிற நிலையில் ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டால் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் மூன்று, நான்கு என்று போகக் கூடாது, நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சில நாளைக்கு அளவு ஏறும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழுவதும் உண்டு, நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். வலி மறைந்துவிட்டாலும் குறைந்தது இரண்டு வாரம் அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம்.