ஐ.வி.எஃப்.: இங்கே சட்டம் தடுக்கிறது, அங்கே பின்கோடு

கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தால், நம் நாட்டில் முதல் பரிசோதனை ஆதார் அட்டைக்குத்தான். 2021-ல் வந்த சட்டப்படி மனைவி 50 வயதுக்குள்ளும் கணவர் 55-க்குள்ளும் இருக்க வேண்டும். பிரிட்டன் சட்டத்தில் இப்படி ஓர் எண்ணே கிடையாது. அதனால் அங்கே சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அங்கே வயது வரம்பு காசு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். மூலம் இலவசமாகச் செய்துகொள்ள, 40-க்குக் கீழே மூன்று சுற்று, 40 முதல் 42 வரை ஒரு சுற்று என்பது பரிந்துரை. ஆனால் இங்கிலாந்தில் அந்தந்த வட்டாரத்தின் என்.ஹெச்.எஸ். வாரியம் வைத்ததுதான் கணக்கு. பல இடங்களில் ஒரே சுற்று. கணவருக்கு முந்தைய உறவில் குழந்தை இருந்தால் அதுவும் இல்லை என்கிற வாரியங்கள் உண்டு. இங்கேயோ நகை அடகுக்குப் போன பிறகுதான் நிறையப் பேர் தனியார் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.

பெரிய வித்தியாசம் தானத்தில். இந்தியாவில் ஒரு பெண் ஆயுளில் ஒரே தடவை கருமுட்டை தரலாம். ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. பணம் கிடையாது, காப்பீடு உண்டு. ஊசி போட்டுத் தூண்டிய சினைப்பைக்குச் சட்டம் தெரியுமா என்ன? பத்து, பதினைந்துகூட வரும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் ஒரு சுற்றுக்கு 986 பவுண்டு ஈட்டுத்தொகை. ஆனால் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் தந்தவர் யார் என்பதைப் பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நம் சட்டத்தின் இறுக்கம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022-ல் வெளிவந்த ஈரோட்டு வழக்கு ஞாபகமிருக்கும்: 16 வயதுச் சிறுமியை, வயதைக் கூட்டிய போலி ஆதாரோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிப்போய்த் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுக்க வைத்தார்கள். ஆயுளில் ஒரு தடவை என்ற விதி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேலி. ஏழு என்ற கணக்கையும், அதிகம் தூண்டினால் தருபவருக்கு ஆபத்து என்பதால் ஒப்புக்கொள்ளலாம்.

ஒருவர் தந்தது ஒரே தம்பதிக்கு மட்டும் என்ற நம் சட்ட விதிதான் புரியவில்லை. ஏழு முட்டையைப் பங்குபோட முடியாது, சரி. விந்து தானத்துக்கும் அதே விதி எதற்கு? ஒரே ஆளின் தானத்தில் பிறந்தவர்கள் தெரியாமல் ஒருவரையொருவர் மணந்துவிடுவார்கள் என்ற பயம் பிரிட்டனுக்கும் உண்டு. பத்துக் குடும்பம் வரை என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே மூன்று என்றாவது வைக்கலாம்.