எர்ஸ்கின் எப்போது வீட்டுக்குப் போவார்?

அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையைப் பற்றிய பழைய டிவி தொடர் 'தி எஃப்.பி.ஐ.'-யின் ஒன்பது சீசனையும் டிவிடியில் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1965 முதல் 1974 வரை, 241 எபிசோட் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அடங்காத எரிச்சல் ஒன்றுதான்: நாயகன் இன்ஸ்பெக்டர் லூயிஸ் எர்ஸ்கினுக்கு வீடு வாசலே கிடையாது.

முதல் சீசனில் இருந்தது. அவருக்கு வைத்த குறியில் மனைவி செத்துப்போனாள். ஒரே மகள் பார்பரா. அவள் காதலிப்பதோ அப்பாவிடம் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஜிம் ரோட்ஸை. தன் மனைவிக்கு நேர்ந்தது மகளுக்கும் நேருமோ என்று அப்பாவுக்குக் கலக்கம். இத்தனை நல்ல முடிச்சைப் போட்டுவிட்டு, அந்த சீசனோடு மகளைத் தூக்கிவிட்டார்கள். அடுத்ததோடு ரோட்ஸும் அவுட். அவர் இடத்துக்கு டாம் கோல்பி என்ற ஏஜென்ட் வந்தார். எர்ஸ்கின் முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே! விழாது. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவரின் துறையே ஸ்கிரிப்ட் பார்த்து ஒப்புதல் தந்த தொடர். அதில் ஏஜென்ட்டுக்குச் சபலமும் கிடையாது, அலுப்பும் கிடையாது.

அந்த உயிரெல்லாம் வில்லன்களுக்குப் போய்விட்டது. ஆரம்பத்திலேயே குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் நான்கு ஆக்ட் (பகுதி), கடைசியில் ஒரு எபிலாக் (முடிவுரை). அவன் வியர்க்க வியர்க்க மாட்டுவதைப் பார்க்க வேண்டியதுதான். சார்லஸ் பிரான்சன், ராபர்ட் டுவால், ஜீன் ஹாக்மன் என்று ஹாலிவுட் நடிகர்கள் எல்லாம் வந்து போயிருக்கிறார்கள். இவர்கள் பக்கத்தில் எர்ஸ்கின் இஸ்திரி போட்ட கோட்டு மாதிரி நிற்பார்.

ஸ்பான்சர் ஃபோர்டு. அதனால் துரத்துகிறவன் வண்டியும் ஃபோர்டு, ஓடுகிறவன் வண்டியும் பெரும்பாலும் ஃபோர்டு. முதல் சீசன் முடிவு டைட்டிலில் எர்ஸ்கின் வாஷிங்டன் தெருக்களில் ஃபோர்டின் மஸ்டாங் காரை ஓட்டிக்கொண்டு போவார். மனுஷன் வீட்டுக்குத்தான் போகிறார் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வட்டு பற்றி: இவை தொழிற்சாலையில் அச்சடித்த வட்டுகள் அல்ல, ஆர்டர் வந்த பிறகு எழுதித் தரும் டிவிடி-ஆர். அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கும். பழைய பிளேயர் சில படிக்காது. வந்த வாரத்திலேயே எல்லா வட்டையும் கடைசி எபிசோட் வரை ஓட்டிப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் விளிம்பில்தான், அதாவது வட்டின் கடைசிப் பகுதியில். வெயில் படாத இடத்தில் வையுங்கள். டிவியை 4:3-க்கு, அதாவது பழைய டிவியின் சதுரம் போன்ற பட அளவுக்கு, மாற்றுங்கள், இல்லாவிட்டால் எர்ஸ்கினுக்குக் கன்னம் உப்பிவிடும்.

வில்லன்களுக்காகவே முழு செட்டும் தகும். ஆனாலும் வாங்காதீர்கள். முதல் சீசன் போதும். அதில் பார்பரா இருக்கிறாள்.